சத்தியபாய் வைத்த பெயர்கள்

"எட்டி மெயிலே, இன்னைக்கு ஏன் லேட்டு? பாறசாலைல சிக்னல் கிட்டல்லியா?"

பூட்டிய கேட்டின் முன்னால் நின்று சத்தியபாய் ஆஜர் எடுக்கிறாள். கையில் நோட்டு கிடையாது. பெயர்களும் அவள் வைத்தவைதான். கொட்டை உடைப்பதில் ஆலையிலேயே வேகமான புஷ்பபாய் 'மெயில்'. எதற்கும் கடைசியாக வந்து சேரும் விஜயம்மா 'பாசஞ்சர்'. மத்தியானத் தூக்கத்தில் குறட்டை விடும் ரத்னபாய் 'என்ஜின்'. கூப்பிட்டால் வாயால் பதில் சொல்லக் கூடாது, ரயில் மாதிரி ஊத வேண்டும். ஐம்பது வயதுப் பெண்கள் உதட்டைக் குவித்து 'கூ' என்று ஊதும்போது, காவலுக்கு நிற்கும் போலீஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்.

கேரளப் பக்கம், உதியன்குளங்கரைக்கு அருகிலுள்ள இந்த முந்திரி ஆலையை ஊரில் அண்டி ஆபீஸ் என்பார்கள். தொண்ணூற்றைந்தாம் வருஷம் மே மாதம் ஒரு திங்கட்கிழமை கேட்டில் பூட்டு தொங்கியது. நஷ்டம் என்றார் முதலாளி. அடுத்த மாதமே களியக்காவிளைக்கு அப்பால், தமிழ்நாட்டு எல்லைக்குள், அவருடைய மைத்துனன் பெயரில் புதிய ஆலை புகைந்தது. இந்தப் பக்கம் சட்டம் சொல்லும் கூலி, அந்தப் பக்கம் அதில் பாதி. கொட்டை அதேதான். எண்ணெய் பட்டுக் கருகிய விரல்களும் அதேதான். இது கர்த்தருடைய சோதனை என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சொன்னார்கள். சோதிக்கிறவர் எந்தக் காரில் போகிறார் என்பது ஊருக்கே தெரியும்.

சத்தியபாய் சங்கத்தின் கன்வீனர். மேடையில் ஏற்றினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவளுடைய இடம் மற்றவர்களின் அடுக்களை. பசு கன்று போட்டதா, மருமகன் குடியை விட்டானா என்று கேட்டுச் சிரிக்க வைத்து, எழுந்திருக்கும்போது சொல்வாள்: "நூத்தியிருவது பேரில ஒருத்தியும் அங்க போகல்லேன்னா அவன் இங்க தொறந்தே ஆகணும். இது கணக்காக்கும் மக்கா, ஜெபமில்ல."

ஆறு மாதம் ஒருத்தியும் போகவில்லை; தினமும் பூட்டிய கேட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

சிவதாணு இந்த ஆலையில் எடை போட்டவன். இப்போது புதிய ஆலைக்கு ஆள் பிடிக்கிறான். முதலில் மிரட்டிப் பார்த்தான், பிறகு கெஞ்சிப் பார்த்தான். யாரும் அசையவில்லை. ஒரு நாள் காலையில் ஜீப்பிலிருந்து தலையை நீட்டினான்.

"எட்டி மெயிலே, பாசஞ்சரே! வண்டி பொறப்படப் போகுது, ஊதுங்கட்டி!"

பழக்கதோஷம், யாரோ ஒருத்தி ஊதிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த வாயும் பசித்த வயிறுமாக விஜயம்மாவும் இன்னும் இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள். அடுத்த வாரம் இருபது பேர் போனார்கள். வளைவு திரும்பும் வரை ஜீப்புக்குள் 'கூ' சத்தம் கேட்டது.

மறுநாள் சத்தியபாய் பட்டப்பெயர்களை விட்டுவிட்டு, "புஷ்பபாய்" என்று ஒழுங்காகக் கூப்பிட்டாள்.

"அப்பிடி விளிக்காதேக்கா," என்றாள் புஷ்பபாய். "கல்லறைல எழுதினத வாசிக்கது போல இருக்கு."

சிவதாணு சத்தியபாயிடமும் வந்தான். "அக்கா, நீங்களும் வாருங்க. கை வேல வேண்டாம். எங்க பொம்பளையளு சிரிச்சா கூடுதல் கொட்டை உடையுது. உங்க வாய் மட்டும் போரும்."

"எனக்க வாயத்தான் நீ எடுத்துட்டியேலே. பின்ன நான் எதுக்கு?"

ஒரு செவ்வாய்க்கிழமை கேட்டில் ஒன்பது பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். ஜீப் வந்ததும் புஷ்பபாய் எழுந்தாள். "வீட்டில அடுப்பு எரியல்லக்கா," என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். அன்று யாரும் ஊதவில்லை.

உள்ளே நெருக்கம். புஷ்பபாய் பின்னால் விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் சேலைத் தலைப்பு வெளியே சரிந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆடியது. சத்தியபாய் ஓடிப் போய் அதை அள்ளி அவள் மடியில் திணித்தாள். பின்கதவைச் சாத்தி, கொக்கியை மாட்டி, புறப்படலாம் என்று ஜீப்பின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள்.