புளி போட்டு விளக்கிய ரவைக்கூடுகள்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். உலகத்திலேயே துப்பாக்கி ரவைக்கூட்டைப் பழப்புளி போட்டு விளக்கிய ஒரே விசரன் நான்தான். வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து அறியத் தரவும். சேர்ந்து ஒரு சங்கம் வைக்கலாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை. குறிசுடும் கழகங்கள் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை வாங்கி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மருந்தும் குண்டும் திரும்ப நிரப்பிக் கொடுப்பார்கள். வெடிச்சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்தவனுக்குக் கனடாவில் கிடைத்த வேலை இதுதான். மனைவி ஊருக்குக் கடிதம் எழுதும்போது, "அவர் பித்தளைச் சாமான் கொம்பனியிலை" என்று எழுதுவாள்.

என் வேலை 'பிறஸ்' என்கிற அழுத்து மெஷினில். சுட்டவுடன் கூடு கொஞ்சம் வீங்கிவிடும். அதை 'டை' என்கிற உருக்கு அச்சுக்குள் கைபிடியால் அழுத்தி இழுத்தால் பழைய உடம்புக்கு வரும். அதற்கு முன் கூட்டின் மேலே 'லூப்' என்கிற எண்ணெய்ப் பசையை மெல்லிசாகப் பூசவேண்டும். ஃபோர்மன் சிவம் அண்ணை முதல் நாளே சொல்லித் தந்தார்.

"குறைஞ்சா இறுகும். கூடினாக் கூட்டின்ரை தோள்மூட்டிலை குழி விழும். விரல் நுனியிலை பட்டும் படாமல் எடுத்துத் தடவு. விளங்குதே?"

"ஓம் அண்ணை" என்றேன். விளங்கவில்லை.

வேலையில் வைத்திருப்பதா இல்லையா என்று பார்க்கும் என் தவணைக்காலம் முடிகிற கிழமை ஒரு கழகத்தின் பெரிய ஓடர் வந்தது. கூடுகள் எல்லாம் கறுத்துப்போய்க் கிடந்தன. மினுக்கும் மெஷினோ பழுது. "எப்பிடியாவது துப்பரவாக்கு" என்றார் அண்ணை. அடுத்த நாள் வீட்டிலிருந்து பழப்புளி கொண்டுபோனேன். பின்பக்கத்துச் சிங்கில் கரைத்து, குத்துவிளக்குத் தேய்ப்பதுபோல் தேய்த்தேன். தங்கம் தோற்றது! முதலாளி வெள்ளைக்காரர்; ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, "பியூட்டிஃபுல்" என்றார். எனக்குத் தலை வீங்கிவிட்டது. அதைத் திரும்பச் சரியான அளவுக்குக் கொண்டுவர டை ஒன்றும் கிடையாது.

அவ்வளவு மினுக்கத்தின் மேல் எண்ணெய்ப் பசை பூச மனம் வரவில்லை. பூசினேன். பார்க்க அரியண்டமாக இருந்தது. ஒரு ரிஷ்யூ எடுத்து வடிவாகத் துடைத்துவிட்டேன்.

முதலாவது கூடு பாதிவரை போய் நின்றது. இன்னும் ஒரு மூச்சு அழுத்தினேன். போனது. திரும்ப இழுத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். கூட்டின் அடிவிளிம்பு மட்டும் கிழிந்து கைபிடியோடு வந்தது. மிச்சம் டைக்குள் இறுகிவிட்டது. புளியில் தேய்த்துக் காய்ந்த பித்தளை உருக்கை அப்படிப் பிடிக்குமென்று யார் கண்டது?

சிவம் அண்ணை குனிந்து பார்த்தார்.

"எண்ணெய் பூசினியோ?"

"பூசினனான் அண்ணை."

"பிறகு?"

"துடைச்சனான்."

"குளிச்சுப்போட்டுச் சேத்திலை விழுந்த மாதிரி வேலை பார்த்திருக்கிறாய். உந்த அளவிலை எங்களிட்டை இருக்கிறது இந்த ஒரு டைதான். நாளைக்குப் பின்னேரம் அவங்கள் எடுக்க வாறாங்கள். ஓடர் போனா, உன்ரை வேலையும் போச்சு. நான் கதைச்சும் காப்பாத்தேலாது."

"கழட்டித் தாறன் அண்ணை."

"முந்திக் கழட்டியிருக்கிறியோ?"

"இல்லை. ஆனாக் கழட்டித் தாறன்."

டையைப் பிறஸிலிருந்து எடுத்து, மேசையில் பூட்டிய 'வைஸ்' என்கிற இரும்புப் பிடியில் இறுக்கினேன். டைக்கு நடுவில் நிற்கும் கம்பியை மேலால் சுழற்றி வெளியே எடுத்தேன். கூட்டின் அடியில் துளை போட்டு, மரை வெட்டி, போல்ட் ஒன்றைப் பூட்டி இழுக்கவேண்டும். மரையைச் சரிவாக வெட்டிவிட்டேன். இழுத்ததும் மரை பொடியாக உதிர்ந்து, போல்ட் மட்டும் என் மடியில் விழுந்தது.

"ஏலாட்டி விடடாப்பா" என்றார் அண்ணை.

"விடமாட்டன்."

துளையைப் பெருப்பித்தேன். இந்த முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு, காற்சுற்று முன்னால், கொஞ்சம் பின்னால் என்று நேராக வெட்டினேன். டையின் வாயில் ஒரு பெரிய நட்டை வைத்து, அதற்கு மேல் வாஷர் போட்டு, போல்ட்டை இறுக்கினேன். போல்ட் இறுக்கும் சாவி வழுக்கி விரல் முட்டி உரிந்தது. மதியச் சாப்பாடு பெட்டிக்குள்ளேயே கிடந்தது. கடைசியில் கிறீச்சென்று முனகிக்கொண்டு கூடு வெளியே வந்தது. ரோச் அடித்து உள்ளே பார்த்தோம். ஒரு கீறல் இல்லை.

பிறகு விரல் நுனியில் பசை எடுத்து, ஒவ்வொரு கூடாக உருட்டி உருட்டித் தடவினேன். கண்ணுக்கு அரியண்டம், கைக்குச் சுகம். கைபிடி தன்பாட்டில் போய் வந்தது. அன்று படித்ததை இன்று புதிதாக வருகிறவர்களுக்கும் சொல்கிறேன். மினுக்கத்தைக் கடைசிக்கு வையுங்கள். டைக்குள் போகும்போது பித்தளைக்கு எண்ணெய் வேண்டும். வெளியே வந்தபிறகு துடையுங்கள், ஆசைதீரத் துடையுங்கள்.

வேலை முடிகிற நேரம். மேசையில் கூடுகளில் பாதி இன்னும் செய்யாமல் கிடந்தன. உரிந்த விரலில் பிளாஸ்ரர் ஒட்டியபடி சிவம் அண்ணையிடம் போனேன்.

"அண்ணை, நான் நாளைக்கு வரட்டோ?"

அவர் கோட்டை மாட்டிக்கொண்டே, மேசையில் கிடந்த கூடுகளைக் காட்டிச் சொன்னார்:

"பின்னை உதை ஆர் முடிக்கிறது?"