தூரமோ?

ரயில் நிலையத்தில் டிக்கெட் விற்பவனுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். அந்த ஒன்றைத்தான் என் வாய் கேட்க மறுத்தது. வெளிக்கிடுகிற ஆளைப் பார்த்து "எங்கே?" என்று கேட்டு, "இனிப் போற காரியம் உருப்பட்ட மாதிரித்தான்" என்று ஏச்சு வாங்கி வளர்ந்தவர்கள்தானே நீங்களும்? அப்படியானால் என் அவதி உங்களுக்கு விளங்கும்.

எண்பதுகளின் நடுவில், நியூசிலாந்தில், ஒக்லாந்தின் தெற்குப் பக்கத்தில் ஒரு ரயில் நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பெயர்தான் ஒக்லாந்து, அது முழுக்க ரயில்காரர்களின் ஊர். ரயில் பட்டறையில் சங்கு ஊதினால்தான் சனம் எழும்பும், சாப்பிடும், வீட்டுக்குப் போகும். என் ஜன்னலுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பட்டறைக்காரர், மீதிப் பேர் அவர்களின் வீட்டுக்காரர். அவர்கள் கதைத்தது இங்கிலீஷ்தான். ஆனால் என் மனதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே பதிந்து கிடக்கிறது, அப்படியே தருகிறேன்.

பல்லுக்கு அடித்த யோகம்

மூன்று மாதம் பார்ப்பார்கள், பிறகுதான் வேலை நிரந்தரம். அந்தக் கடிதம் கைக்கு வந்தால்தான் கொழும்பில் காத்திருந்த மனைவி வசந்திக்கும் ஆறு வயது மகள் யாழினிக்கும் விசா கேட்டு எழுதலாம். ஆகவே முதல் நாள், ஸ்டேஷன் மாஸ்டர் கென் சொல்லித் தந்தபடி, பிள்ளையாரை நினைத்துக்கொண்டு முதல் ஆளிடம் "எங்கே?" என்று கேட்டேன். ஆள் நோர்மன், பட்டறையில் வெல்டிங் செய்பவர். சிற்றிக்கு, அதாவது நகர நடுவுக்கு, டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறினார். கால் மணித்தியாலத்தில் என்ஜின் நடுவழியில் நின்றுவிட்டது என்று செய்தி வந்தது.

ஒன்றரை மணித்தியாலம் கழித்து நோர்மன் நடந்தே திரும்பி வந்தார். நான் வெளியே ஓடிப்போய், எங்கள் வழக்கத்தைச் சொல்லி, எல்லாம் என் வாயால் வந்த வினை என்று ஒப்புக்கொண்டேன். மனிதர் வீங்கிய கன்னத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மேட், நான் பல்லுப் பிடுங்கவெல்லே போனனான், தப்பினன்! நாளைக்கும் மறக்காமல் என்னட்டைக் கேள்."

போனால் போகட்டும் ரயில்

அதற்குப் பிறகு நம்மவர்கள் செய்கிற தந்திரத்தையே செய்தேன். எங்கே என்று கேட்காமல் "தூரமோ?" என்று மட்டும் கேட்டேன். ஊரில் கேட்டால் "இல்லை, உதிலை சந்தை மட்டும்" என்று பதில் வந்துவிடும். இவர்களிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை போலும். சிலர் சிரித்தார்கள், சிலர் யோசித்தார்கள். மிஸிஸ் ஹோனே கைப்பையை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டார்.

பட்டறை ஃபோர்மன் ஒருவரின் மனைவி அவர், அந்த மண்ணின் பூர்வீகக் குடியான மாவோரிப் பெண்மணி. "தூரமில்லை, ஆனால் போய் ரெண்டு வருஷம்" என்று தொடங்கினார். பப்பகூராவில் தங்கச்சி இருக்கிறாள். ஒரு தையல் மெஷினால் இருவருக்கும் கதை பேச்சில்லை. இன்றைக்குத்தான் மனம் வந்திருக்கிறது. நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். ரயில் வந்தது, நின்றது, பின்னால் நின்றவர்களையும் சேர்த்து விட்டுவிட்டுப் போயும்விட்டது. நான் மன்னிப்புக் கேட்க, மிஸிஸ் ஹோனே கையை வீசினார். "அது கிடக்கட்டும் சிவா. அடுத்த ரயிலுக்கு நாப்பது நிமிஷம் இருக்கு, மெஷினுக்கு என்ன நடந்ததெண்டு சொல்லி முடிக்கிறன்."

கென் பின்னால் நின்ற வெள்ளிக்கிழமை

பின்னால் நின்றவர்களுக்கு அவ்வளவு பெரிய மனது இல்லை. முறைப்பாடு எழுதிப் போட்டுவிட்டார்கள். மூன்றாவது மாதத்தின் கடைசிக் கிழமை கென் என்னைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை காலமை உன்ரை பின்னால நிப்பன். எங்கே எண்டு கேக்க வேணும், டிக்கெட்டைக் குடுக்க வேணும். கதை கேக்கிறதுக்கு இஞ்சை சம்பளம் இல்லை." அவரில் பிழை சொல்ல முடியாது. அன்று பின்னேரம் வந்த நோர்மனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

வெள்ளி காலை வரிசை வாசலுக்கு வெளியே நின்றது. கென் கையைக் கட்டிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால். முதலில் மிஸிஸ் ஹோனே. வசந்தியை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். "பப்பகூரா, போக வர. தூரமில்லை" என்று அவர் முந்திக்கொண்டார். அடுத்தவர் "நியூமார்க்கெட், தூரமில்லை" என்றார். அதற்கடுத்தவர் "சிற்றி, கொஞ்சம் தூரம்" என்றார். நோர்மன் பட்டறைக் கன்டீன் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்! டிக்கெட்டில் திகதி அடிக்க எனக்குக் கை போதவில்லை. ரயில் வர இன்னும் நேரம் இருக்கும்போதே வரிசை காலி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து, விழாத பேனையைத் தேடினேன்.

கென் மணிக்கூட்டைப் பார்த்தார், வெறும் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ ஒண்டுமே கேக்கேல்லையே! சரி, கடிதத்தை எழுதுறன். இனியும் ஒண்டும் கேளாதை."

நிற்காத வாகனம்

எட்டு மாதம் கழித்து விசா வந்தது. நோர்மன் தன் பழைய காரில் என்னை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக ஸ்டேஷனுக்கு வந்தார். அன்றைக்கு என் கதிரையில் கென் இருந்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு என்னைக் கண்டதும் ஏதோ கேட்க வாயெடுத்து, விழுங்கிக்கொண்டு, "தூரமோ, சிவா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

கொழும்பிலிருந்து வசந்தியும் மகளும் வந்து இறங்கினார்கள். யாழினி என் இடுப்புக்கு மேலே வளர்ந்திருந்தாள். நோர்மன் காரை ஸ்டார்ட் பண்ணினார். பின்னாலிருந்து யாழினி, "எங்கையப்பா போறம்?" என்றாள். வசந்தி அவள் தொடையில் கிள்ளினாள். "வெளிக்கிடேக்கை எங்கை எண்டு கேக்கப்படாதெண்டு எத்தினை தரம் சொன்னனான்!" நான் திரும்பி, "வீட்டுக்கு, அம்மா" என்றேன். என்ன சத்தம் என்று நோர்மன் கேட்டார், மகள் கேட்டதையும் தாய் ஏசியதையும் சொன்னேன். "பிள்ளை கேக்கட்டும், விடு. ரயில்தான் உங்கடை சொல்லுக்கு நிக்கும், என்ரை கார் நிக்காது."

எங்கே போகிறீர்கள் என்று யாரையும் கேட்காமலேயே எத்தனையோ வருஷம் டிக்கெட் விற்று எல்லாரையும் போகவேண்டிய இடத்துக்கு அனுப்பிவைத்தவன் நான், பல் வைத்தியரிடம் போன அந்த ஒருவரைத் தவிர.