ஆயா ஆருடைய சொல்?

ஆயா வேலைக்குப் போனால் முதலில் போறது நித்திரை, அடுத்தது பெயர். பிறத்தியார் பிள்ளையை இடுப்பில் சுமக்கிற சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா? கொழும்பில், கொட்டாஞ்சேனை மாதா கோயிலில் எனக்கு வைச்ச பெயர் றெஜினா. ராணி எண்டு அர்த்தமாம். வேலை செய்யிற வீட்டில ஒரு ஆளாவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேணும் எண்டு எனக்குப் பெரிய ஆசை.

முதல் நாள்

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த பங்களா. இங்கிலிசுத் துரைசாணிக்கு லூசி எண்டு கைக்குழந்தை. அவ என்ர பெயரைக் கேட்டா, நான் சொன்னன். ஆயா எண்டது இங்கிலிசு எண்டுதான் நான் அதுவரை நினைச்சிருந்தன்.

"றெஜினா பெரிய பெயர். ஆயா போதும், அது உங்களுடைய சொல்தானே!"

விருந்தாளி

ஒருநாள் போர்த்துக்கீசச் சீமாட்டி ஒருத்தி சாப்பிட வந்தா. துரைசாணி என்னைக் கூப்பிட்டது கேட்டு, "அது எங்கட சொல்லல்லவா!" எண்டு சிரிச்சா. அவையின்ர நாட்டில ராசா இருந்த காலத்தில, இளவரசனை வளர்க்கிற பிரபு வீட்டுப் பெண்தானாம் ஆயா. ஸ்பானியாவிலும் அப்படித்தானாம். எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. துரைசாணியின்ர முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேணும்.

"நல்லது. ஆயா, பிள்ளையின் துணி ஈரம், மாற்று."

சுவாமியார்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, இத்தாலியச் சுவாமியாரிட்டப் பெருமையடிச்சன். தங்கட ஊரிலும் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள் ஆயாதான் எண்டார். அதோட நிப்பாட்டியிருக்கலாம். எனக்கு அப்ப இருபத்திரண்டு வயசு, கலியாணப் பேச்சே வரேல்லை.

"வேர் லத்தீன், மகளே. அங்கே அதற்குப் பாட்டி என்று அர்த்தம்."

துறைமுகத்தில்

லூசிக்கு நாலு வயசாக, துரைக்கு இடமாற்றம் வந்தது. குடும்பத்தோட இங்கிலாந்துப் பயணம். அவளுக்கு முதலில் வந்த பாஷை தமிழ்தான். போக முன்னம் ஒருக்காவது றெஜினா எண்டு சொல்ல வைக்கப் பார்த்தன். சிரிச்சுப்போட்டு ஓடுவாள்.

துறைமுகத்தில் வேறொருத்தி நிண்டாள், துரைமாரின்ர பிள்ளைகளைக் கவனிக்கக் கப்பலோட போய்வாறவள். "லூசி, இனி இவள்தான் ஆயா" எண்டா துரைசாணி. பெயர்தான் இல்லை, அந்தச் சொல்லுமா போச்சு! லூசி புது ஆளை மேலும் கீழும் பார்த்தாள். என்ர சேலையை இறுக்கிப் பிடிச்சாள்.

"பொய். அது ஆரோ பொம்பிளை. ஆயா இவதான்."

அடுத்த பங்களாவில் பெயர் கேட்டபோது, நானே முந்திக்கொண்டு "ஆயா" எண்டு சொல்லிப்போட்டன்.