கிள்ளான் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை: பக்கவாதம் வந்த தம்பியோடு ஒரு நாள்

என் தம்பி குமரனுக்கு முப்பத்தாறு வயது. கிள்ளானில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறான். போன மாதம் கடையிலேயே பக்கவாதம் வந்து வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றையும் பாதித்துவிட்டது. மருத்துவமனையில், தாமதிக்காமல் பயிற்சியைத் தொடங்குங்கள் என்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு மறுவாழ்வுப் பயிற்சி மையத்துக்கு அனுப்பினார்கள். அம்மாவோ நோயாளியை அசைக்கவே கூடாது என்கிறார். ஒரு மண்டலம் படுக்க வைத்து, பந்திங் ஊரில் இருக்கும் வைத்தியரிடம் எண்ணெய் போட்டு உருவினால் போதுமாம். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அம்மா கட்சி.

"ஒரு தடவ கூட்டிட்டுப் போ. வழியில விழுந்தான்னா, அப்புறம் நான் சொல்றதுதான்" என்றார் அம்மா.

அந்த ஒரு தடவைதான் போன செவ்வாய்க்கிழமை. பதிவில் படமே இல்லையே என்று கேட்காதீர்கள். அவன் இடுப்பைப் பிடித்திருந்த கையை எடுக்க எனக்குத் துணிவில்லை.

வேலைக்குப் போகிற கூட்டம் ஓய்ந்த பிறகு கொமுட்டர் ரயில் ஏறினோம். பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கே.எல். சென்ட்ரல் நிலையத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். கட்டணம் ஐந்து ரிங்கிட்டை ஒட்டி வரும். ஷா ஆலம் தாண்டும் வரை நான் கந்த சஷ்டியை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அவன் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறது. ஆபத்து வெளியேதான். பார்வையற்றவர்களுக்காக பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் புடைத்த மஞ்சள் ஓடு பதித்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது வழிகாட்டி. காலை இழுத்து நடக்கும் குமரனுக்கோ கண்ணி. பூக்கடை எதிரே செருப்பு மாட்டி முன்னால் சாய்ந்தான். பூக்கடை அண்ணன் ஓடி வந்து அவன் வலக்கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். "கைய இழுக்காதீங்கண்ணே, தோள் எறங்கிடும்" என்று கத்தியே விட்டேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன். பாவம், உதவ வந்தவர்.

மையத்தில் குமரனுக்குப் பக்கத்து மேசையில் சுங்கை பூலோவிலிருந்து வந்த ஓர் ஆன்டி. எழுபது வயது. அவனுக்குப் பிறகுதான் பக்கவாதம் வந்ததாம். ஆனாலும் துணிக் கவ்விகளைக் கம்பியில் மாட்டி மாட்டி எடுத்துக்கொண்டிருந்தார். குமரனால் ஒரு கவ்வியைத் திறக்கக்கூட முடியவில்லை.

"ஆஸ்பத்திரியிலயே எழுப்பி உக்கார வச்சிட்டாங்க. அழுது பாத்தேன், யாரும் கேக்கல லா" என்றார் ஆன்டி.

"எங்களுக்கு லேட் ஆயிடுச்சாம்மா?" என்று பயிற்சியாளர் பெண்ணிடம் கேட்டேன்.

"லேட்டுன்னு விட்டுற முடியாதுக்கா. வயசு கம்மி, அது நல்லதுதான். ஆனா படுத்தே இருந்தா வயசு என்ன செய்யும்? வீட்டுல யாரு ஊட்டுறாங்க?"

"அம்மா."

"அப்ப கைக்கு என்ன வேல?"

எங்கள் வீடுகளில் பாசம் என்றால் நோயாளியை ஒரு துரும்பைக்கூட நகர்த்த விடாமல் பார்த்துக்கொள்வது. அதைத்தான் அந்தப் பெண் நிறுத்தச் சொன்னாள்.

மதியம் பக்கத்து உணவுக்கடையில் வாழையிலைச் சாப்பாடு. விழுங்குவதில் சிக்கல் இல்லை என்று மருத்துவமனையில் முன்பே பார்த்துச் சொல்லியிருந்தார்கள். குமரன் இடக்கையால் வலக்கையைத் தூக்கி இலையில் வைத்தான். விரல்கள் சோற்றைத் தள்ளினவே தவிர அள்ளவில்லை. சட்டை முழுக்க சாம்பார். பக்கத்து மேசை அங்கிள் பொறுக்க முடியாமல், "ஊட்டி விடும்மா, பாவம்" என்றார். நான் என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். கல்நெஞ்சக்காரி என்று நினைத்திருப்பார். ரசம் ஆறி, கடையில் கூட்டம் குறைந்த பிறகு ஒரு வாய் சோறு உள்ளே போனது.

இப்படிப் போகத் திட்டமிடுவோருக்குச் சில வார்த்தை. பின்னால் வார் வைத்த செருப்பு போடுங்கள். மஞ்சள் ஓட்டை விட்டு விலகி நடங்கள். பலவீனமான பக்கத்தில் நின்று இடுப்பைத் தாங்குங்கள். மாற்றுச் சட்டை ஒன்று அவசியம். பயத்தைக் குறைக்க எனக்கு வழி தெரியவில்லை. கடை நாற்காலிக்குப் பின்னால் அவன் மறுபடி கத்தரிக்கோலோடு நிற்பானா என்று இப்போதும் தெரியாது.

திரும்பும் ரயிலில் அம்மா அழைத்தார். "சாப்பிட்டானா? நல்லா ஊட்டினியா?"

போனை அவன் காதில் வைத்தேன்.

வாய் கோணிக்கொண்டு நெடுநேரம் முயன்றான். "நா... னே... சாப்... டேன்."

அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "அக்காகிட்ட குடு" என்றார். இடக்கையால் போனை என் பக்கம் தள்ளினான்.

"அடுத்த தடவ எப்ப? நானும் வரேன்."