தலைவர் தோற்ற ஞாயிற்றுக்கிழமை

போன சனிக்கிழமை மகளை நடன வகுப்பில் விடப் போனேன். பள்ளி மண்டபத்தில் தரை மெழுகும் கொதித்து ஆறிய தேநீரும் கலந்த வாசனை. சிரிப்பு வந்துவிட்டது. "வாட், அப்பா?" என்றாள் மகள். எங்கிருந்து சொல்வது?

இப்படியொரு மண்டபத்தில்தான் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் தோற்றார். ஆறு வருடம் போட்டியே இல்லாமல் இருந்தவர். நல்லவர், மேடைக்குப் புதுத் திரைச்சீலை போட்டவர். ஆனால் அது மந்தமான வருடம். ஈஸ்ட் டாமாக்கி தொழிற்பேட்டையில் கிடங்கு கிடங்காக ஆள்குறைப்பு. நான் செயலாளர், கூட்டக் குறிப்பில் ஓர் எண் பிசகினாலும் தூங்காத ஜென்மம். அந்த ஜென்மத்துக்கு வேலை போய் ஒன்பது நாள். வீட்டில் சொல்லவில்லை. காலை ஏழு இருபதுக்கு டிபன் பாக்ஸுடன் கிளம்புவேன். மாசி என்ற பகுதியின் நூலகம் திறக்கும்வரை காரில். பிறகு செய்தித்தாளுக்குப் பின்னால்.

"நம்ம சங்கத்துல எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று தொடங்கிய தலைவர், திரைச்சீலையின் நிறத்தில் வந்து முடித்தார்.

எதிர்த்து நின்ற சாந்தி அக்கா எழுந்தார். "எனக்கு மங்கரே கிடங்கில வேலை போயிட்டுது. வேற ஆருக்கும் போனதோ? கையைத் தூக்குங்கோ."

ஒரு கையும் எழவில்லை.

"அப்ப நான் மட்டும்தான்! செயலாளர், எழுதிக்கொள்ளுங்கோ: ஒரு ஆள்."

எழுதப் போனேன். பேனா நகரவில்லை. எண் தவறு! 'இரண்டு' என்று எழுதிவிட்டுக் கையைத் தூக்கினேன்.

"அப்போ இத்தனை நாளா நான் எலுமிச்சை சாதம் கட்டிக் குடுத்தது யாருக்கு?" மூன்றாம் வரிசையிலிருந்து என் மனைவி.

"லைப்ரரிலங்க..."

"அடப்பாவி! அந்தப் பேப்பருக்குப் பின்னாடி இருந்தது நீங்கதானா?" என்று பின்னாலிருந்து இன்னொரு கை எழுந்தது. அப்புறம் நான்கு, ஏழு, பதினெட்டு. மண்டபமே சிரித்தது. என் மனைவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

வாக்கெடுப்பு என்றபோது பலர் தூக்கிய கையை இறக்கவே இல்லை. அக்காவுக்கு நாற்பத்தொன்று, தலைவருக்குப் பதினாறு. இருமுறை எண்ணினேன்.

தலைவர் பெயரை முன்மொழிந்தவனே நான்தான். "அந்த நாப்பத்தொண்ணுல உங்க கையையும் எண்ணிட்டீங்களா?" என்றார் அவர்.

"எண்ணிட்டேன் சார்."

திரைச்சீலையில் குறையொன்றுமில்லை. அவர் முன்னால் நாங்கள் நன்றாக இருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இப்போது தேர்தல் கைபேசியில். மறுபடியும் வேலைகள் போகின்றன என்று கேள்வி. அவரவர் வீட்டிலிருந்தே அழுத்துகிறோம். எண்ணிக்கை பிசகுவதே இல்லை. யாருக்கு வேலை போனது என்றுதான் தெரிவதில்லை.