குச்சியை மட்டும் மறுத்த கை

முதலில் மடங்கியது சுண்டுவிரல். பாட்டின் நடுவில், அத்தானின் வலது கையில், தானாக உள்ளே இழுபட்டது. அவர் சிரித்தபடியே அடித்து முடித்தார்.

அத்தான் கொலின் இங்கிலாந்துக்காரர். ரொக் குழுக்களுக்கு ட்ரம்ஸ் அடிப்பவர். பதின்ம வயதில் அங்குள்ள மதுக்கடைகளில் தொடங்கி, பெரிய பாடகர்களின் முதுகைப் பார்த்தபடி ஊர் ஊராக அடித்தவர். ஒரு சுற்றுப்பயணத்தின் முடிவில் ரொறன்ரோவில் நின்றுவிட்டார், அக்காவைக் கட்டினார். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே டோர்செட் பார்க் பகுதியில் ஒரே அபார்ட்மென்ரில் எல்லோரும் இருந்தோம். வீட்டில் படித்தவன் நான் ஒருவன் என்பதால் ஆஸ்பத்திரிக்குத் துணை நான்தான். அவருக்கா இங்கிலிஷ் தெரியாது? டொக்டர் சொல்வதைத் தனியே கேட்கப் பயம்.

அடுத்த வசந்தத்தில் அவருடைய பழைய குழு கனடா முழுக்கப் போக இருந்தது. அவருக்கென்று இடத்தை வைத்திருந்தார்கள்.

ட்ரம்ஸ்காரருக்கு ஒரு நம்பிக்கை உண்டு: கை பிழை விட்டால் வேகத்தைக் குறை, பழக்கத்தைக் கூட்டு. கீழ்வீட்டார் முறையிடாதபடி ரப்பர் பலகையில் நாள் முழுக்கப் பழகினார். அம்மா சுளுக்கென்று எண்ணெய் தேய்த்தார்.

"மருமகன், ஒரு கிழமைக்குக் கையைச் சும்மா விடுங்கோ."

"ஓம் மாமி," என்பார். அம்மா குசினிக்குப் போனதும் தொடங்கிவிடுவார்.

குளிர்காலம் வருவதற்குள் கை முழுவதும் முட்டியாக இறுகியது. குச்சியைப் பிடித்தால் மட்டும்.

நரம்பு டொக்டர், ஒரு பெண்மணி, கேட்டார். "எழுத முடிகிறதா?"

"முடியுது."

"சட்டைப் பொத்தான்?"

"அதுவும்."

குச்சியைக் கொடுத்தார். தொட்டவுடன் விரல்கள் சுருண்டன.

"இது டிஸ்டோனியா (மூளையின் கட்டளை குழம்பி, தசை தானாக இறுகும் நோய்). பழுது கையில் இல்லை. நீங்கள் பழகப் பழக, மூளை பிழையைத்தான் பாடமாக்கியிருக்கிறது."

"எப்ப சுகம் வரும்?" என்று நான் கேட்டேன்.

"சுகம் என்று சொல்ல மாட்டேன். சமாளிக்கப் பார்க்கலாம்."

பொட்டுலினம் ஊசி (தசையைச் சில மாதம் தளர்த்தும் மருந்து) போட்டார்கள். விரல் மடங்கவில்லை. ஆனால் குச்சி நழுவி விழுந்தது. அத்தான் அதை எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன்.

ஊசியின் வேகம் குறைந்து, விரல்கள் மறுபடி மடங்கத் தொடங்கிய ஒரு பின்னேரம், குசினியிலிருந்து கூப்பிட்டார்.

"மச்சான், இஞ்சை வா. பார்."

அக்காவின் மர அகப்பையால் மேசையில் அடித்துக்கொண்டிருந்தார். கை விரிந்து, இளகி, பழைய கையாக இருந்தது. அகப்பையும் ஒரு குச்சிதான் என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை.

"அகப்பையோட மேடையேறப் போறீரோ?" என்று அக்கா கேட்டார். "அப்ப சட்டியையும் கொண்டுபோம்." சிரிக்கத் தொடங்கிய அக்கா அழுதுவிட்டார்.

ஒரு கிழமை அடித்தார். பிறகு கைக்கு விளங்கிவிட்டது. சுண்டுவிரல் முதலில், பிறகு மற்றவை. பென்சிலை எடுத்தார், கரட் கிழங்கை எடுத்தார். ஒவ்வொன்றையும் கை கண்டுபிடித்தது, முந்தினதைவிடக் கெதியாக.

அவரே குழுவுக்குப் போன் எடுத்தார். "வேற ஆளைப் பாருங்கோ," என்று இங்கிலிஷில் சொன்னார்.

உங்கள் வீட்டில் கைத்தொழில்காரர் யாருக்காவது ஒரு விரல் தானாக மடங்கினால், பழகச் சொல்லாதீர்கள். நிறுத்துங்கள். டொக்டரிடம் போங்கள். இதைத் தவிர என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது அத்தான் சோறு சாப்பிடும்போது ஒரு பிடி எடுப்பார், நிறுத்துவார். அடுத்ததைச் சட்டென்று எடுப்பார். பிறகு நீண்ட நேரம் கையைச் சோற்றுக் கோப்பையிலேயே வைத்திருப்பார். ஒழுங்கான இடைவெளியில் எதைச் செய்தாலும் கை அதையும் பறித்துவிடும் என்று பயம். அப்படி நடக்காது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அத்தான் நம்பவில்லை. படியிலும் வேண்டுமென்றே ஒழுங்கில்லாமல் கால் வைத்து ஏறுகிறார். வாழ்நாள் முழுக்க நேரத்தைச் சமமாக வெட்டி மற்றவர்களுக்குக் கொடுத்த மனிதர், அடுத்த அடி எங்கே வரும் என்று கைக்குத் தெரியாதபடி அதைச் சிதறடித்துக்கொண்டு, எங்களுக்கு முன்னால் மெல்ல நடந்துபோகிறார்.