மேலகரத்தில் பால் குடிக்காத குட்டி

தென்காசி ஸ்டேஷனில் நான் ஏறிய குதிரை வண்டி, குற்றாலம் போகும் வழியில் மேலகரத்தில் நிற்கிறது. வண்டிக்காரரின் வீடு இங்கேதான். அவருடைய இன்னொரு குதிரை விடியலில் குட்டி போட்டிருக்கிறது. குட்டி இன்னும் பால் குடிக்கவில்லை.

சாரல் தூறுகிறது. குட்டி கால்களை அகட்டி நின்று மடியைத் தேடுகிறது. காம்பில் வாய் வைத்ததும் தலையை உதறிக்கொண்டு விலகுகிறது.

"பொழுது சாயதுக்குள்ள குடிக்கலன்னா தங்காது அண்ணாச்சி" என்கிறார் வண்டிக்காரர்.

கூச்சத்தோடு கிட்டே போய்க் குட்டியின் வாயைத் துடைக்கிறேன். விரலில் வேப்பெண்ணெய் வாசம்.

"மடியில எண்ணெய் பூசினீங்களா?"

"ஈ மொய்க்குன்னு இவதான் பூசுனா."

"பூசச் சொன்னது நீரு. இப்ப எம்மேல சாட்டுதீரா?" என்கிறாள் அவர் மனைவி.

"கசக்கும். கழுவிப் பாருங்க" என்கிறேன்.

அவள் வெந்நீரும் கடலை மாவும் கொண்டுவந்து மடியைக் கழுவுகிறாள். நான் குட்டியை அணைத்துப் பிடித்திருக்கிறேன். விட்டதும் தடுமாறிப் போய் முட்டுகிறது. பிறகு வாலை ஆட்டி ஆட்டிக் குடிக்கிறது.

"ஒங்க ஊர்ல குதிரை வளக்கியளோ?" என்கிறார் வண்டிக்காரர்.

"இல்ல." அதற்குமேல் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்குப் பால் மறக்கடிக்க அம்மா வேப்பெண்ணெய்தான் பூசினாள். என் அழுகை பொறுக்காமல் அவளே கழுவிவிட்டு வந்து என்னை மடியில் போட்டுக்கொண்டாள். அவள் போய் வெகுகாலம் ஆகிறது.

வண்டி கிளம்புகிறது. விரலில் அந்த வாசம் இன்னும் இருக்கிறது. அருவியில் நின்றால் போய்விடும்.

மெதுவாகவே போகலாம் என்கிறேன்.